இந்துப்பிரபாவின் இடது கன்னம்

1961 ஜனவரி 3, செவ்வாய்

படக் கம்பெனியில் ஆளுக்கொரு டைரி கொடுத்தார்களாம். தாமு கொண்டுவந்து என் மடியில் போட்டான். "நீ எழுது ஆயா. நாளெல்லாம் வாய்தான் வேலை செய்யுது, கொஞ்சம் கையும் செய்யட்டும்" என்றான்.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. ஆனால் ஐந்து வருஷமும் முதல் மார்க்கு. என் கையெழுத்தை டீச்சர் மற்ற வகுப்புகளுக்கு எடுத்துப்போய்க் காட்டுவார். இந்த டைரியில் கோடு சரியாக அச்சாகவில்லை. கம்பெனிக்காரன் மையை மிச்சம் பிடித்திருக்கிறான். அதனால் ஸ்கேலை வைத்துக்கொண்டு அதன் மேல் எழுதுகிறேன்.

தாமு என் மகன் வயிற்றுப் பேரன். தாமோதரன் என்று பெயர். சினிமாவில் ஸ்டில் போட்டோகிராபர். ஓடுகிற படத்தை எடுப்பவர் வேறு, நிற்கிற படத்தை எடுப்பவன் என் பேரன். டைரக்டர் ஒரு காட்சி முடிந்து "ஓ.கே." சொன்னதும் தாமு "ஸ்டில்" என்று குரல் கொடுப்பான். அழுதவர்கள் அழுதபடி, கத்தியை ஓங்கியவர்கள் ஓங்கியபடி நிற்க வேண்டும். அந்த இரண்டு மூச்சுக்குள் இவன் எடுத்துவிட வேண்டும். படம் நன்றாயிருக்கிறதா என்று பார்க்க டிக்கெட் வேண்டும். தாமு எடுத்தது நன்றாயிருக்கிறதா என்று பார்க்கத் தெருவில் நடந்தால் போதும், சுவர் முழுக்க அதுதான்.

ஆறு வருஷம் இன்னொருவரிடம் உதவியாளாக இருந்தான். இந்தப் படம்தான் தனியாக முதல் படம். இது சரியாக அமைந்தால் இவன் பிழைத்தான். கதாநாயகி இந்துப்பிரபாவுக்கு இதில் இரட்டை வேடம், அக்கா ஒருத்தி, தங்கை ஒருத்தி.


ஜனவரி 5, வியாழன்

என் வேலையையும் எழுத வேண்டும் அல்லவா? நான் நெகட்டிவ் டச்சிங் செய்கிறவள். கல்யாணமாகி வந்த வருஷம் எங்கள் வீட்டுக்காரர் தன் போட்டோ ஸ்டூடியோவுக்காகப் பழக்கினார். ஐம்பத்தொரு வருஷமாகிறது. சைதாப்பேட்டையில் கல்யாணமான பெண்களில் பாதிப்பேரின் பருவை நான்தான் எடுத்தேன்.

நெகட்டிவில் எல்லாம் மாறித் தெரியும். கறுப்பு வெளுப்பாகவும் வெளுப்பு கறுப்பாகவும் இருக்கும். முகத்தில் ஒரு பரு என்றால் இங்கே ஒரு வெளுத்த பொட்டு. ஜன்னலோரம் சாய்வுப் பெட்டியில் நெகட்டிவை வைத்து, ஊசி மாதிரி சீவின பென்சிலால் அந்தப் பொட்டை மெல்ல மெல்ல நிரப்பினால் பரு போய்விடும். கண்ணுக்குக் கீழே சுருக்கம் என்றால் மயிரிழை மாதிரிக் கோடு கோடாக இருக்கும். அதையும் நிரப்பினால் பத்து வயது போய்விடும்.

இந்துப்பிரபாவுக்கு இருபத்திரண்டு வயது என்று பத்திரிகையில் போடுகிறார்கள். நானும் தாமு உதவியாளாகச் சேர்ந்த நாளிலிருந்து ஆறு வருஷமாக அந்த இருபத்திரண்டைக் காப்பாற்றி வருகிறேன்.

இப்போதெல்லாம் ஜன்னல் வெளிச்சம் போதவில்லை. எதிர்வீட்டுக்காரன் மாடி எழுப்பியதிலிருந்து இப்படி. (எந்த வருஷம் எழுப்பினான் என்று பூங்கோதை கேட்கிறாள். அவள் என் மருமகள், தாமுவின் அம்மா. கேள்வி கேட்பதில் கெட்டிக்காரி.) அதனால் மயிரிழைகளை ஒவ்வொன்றாகத் தேடாமல் கன்னம் முழுக்கவே பென்சிலை மெத்தென்று ஓட்டிவிடுகிறேன். நல்ல மழமழப்பு வருகிறது.


ஜனவரி 7, சனி

காபியில் உப்பு விழுந்தது. இரண்டு டப்பாவையும் ஒரே அளவில் வாங்கி வைத்தது பூங்கோதை.


ஜனவரி 9, திங்கள்

தாமு வெளிப்புறப் படப்பிடிப்புக்கு ஒகேனக்கல் புறப்பட்டான். போகும் முன் ஒரு நெகட்டிவை இரண்டு கையாலும் ஏந்திக் கொடுத்தான், பிரசாதம் மாதிரி.

"ஆயா, இது ஒண்ணுதான் இருக்கு. அக்காவும் தங்கச்சியும் ஒரே படத்துல. லென்ஸ்ல பாதிய மூடி அக்காவா ஒருவாட்டி, அவங்க புடவை மாத்தி மேக்கப் மாத்தி வந்தப்புறம் மறுபாதிய மூடி தங்கச்சியா ஒருவாட்டி. காமிராவ ஒரு நூல் அசைக்காம ரெண்டு மணி நேரம் காவல் நின்னேன். இன்னொருவாட்டி நிக்கச் சொன்னா அந்தம்மா என்னையத்தான் நிக்க வெப்பாங்க, வாசல்ல."

"நான் பாத்துக்கறேன் போடா."

"சீட்டு வெச்சிருக்கேன், படிச்சிட்டு ஆரம்பி."

"அம்பது வருசமா சீட்டு படிச்சா டச்சிங் பண்றேன்?"

"ஆயா."

"படிக்கிறேன்டா."

வழக்கம்போல ஒரு சீட்டு இருந்தது. தாமுவின் எழுத்து கோழி கிளறினது மாதிரி. படிக்க என்ன இருக்கிறது, 'ஜாக்கிரதை' என்று எழுதியிருப்பான். பென்சில் டப்பாவில் போட்டுவிட்டு வேலையைத் தொடங்கினேன்.

இரண்டு முகமும் அழகாக வந்திருந்தன. இடப்பக்கம் நிற்பவளின் கன்னத்தில் மட்டும் ஒரு பெரிய பரு. புடவை மாற்றுகிற இடைவெளியில் மசால்வடை தின்றிருப்பாள். பெரிய இடத்துப் பருதான், நிரப்ப அரை மணி நேரம் பிடித்தது. சாயங்காலம் கம்பெனிக் கார் வந்து வாங்கிக்கொண்டு போய்விட்டது. பொங்கல் விளம்பரத்துக்கு அவசரமாம்.


ஜனவரி 12, வியாழன்

இந்துப்பிரபாவின் டிரைவர் ஒரு கூடை ஆப்பிளோடு வந்தார். "ஸ்டில்லப் பாத்துட்டு அம்மா அரை மணி நேரம் கண்ணாடி முன்னாடி உக்காந்துட்டாங்க. இனிமே எந்தக் கம்பெனியா இருந்தாலும் இந்தக் கைதான் டச்சிங் பண்ணணும்னு சொல்லிட்டாங்க" என்றார்.

பூங்கோதையை இன்னொரு தரம் சொல்லச் சொல்லிக் கேட்டேன், அவளுக்கு மறந்துவிடக் கூடாதே என்று.


ஜனவரி 14, சனி. பொங்கல்

பால் பொங்குவதை முதலில் பார்த்தது நான் என்றுதான் சொல்லிக்கொண்டேன். சத்தம் கேட்டது.

பத்திரிகையில் அரைப் பக்கத்துக்குத் தாமுவின் ஸ்டில். பூங்கோதை உரக்கப் படித்தாள். "அக்காளா, தங்கையா? கன்னத்தில் மச்சம் உள்ளவளே அக்காள். மச்சக்காரி வலப்பக்கமா, இடப்பக்கமா? எழுதி அனுப்புங்கள். சரியான விடைக்கு இந்துப்பிரபா கையொப்பமிட்ட படம் பரிசு."

அப்புறம் பத்திரிகையை ஜன்னல் பக்கம் எடுத்துப் போனாள்.

"என்னாடி?"

"அத்தை, ரெண்டு பேருக்குமே மச்சம் இல்லியே."

"பத்திரிகைக்காரன் மை மங்கலா அடிச்சிருப்பான்."

"கம்மல்ல இருக்கிற கல்ல எண்ணலாம் அத்தை, அவ்வளவு பளிச்சுனு இருக்கு."

கரும்பு வெட்டப் போய்விட்டேன்.


ஜனவரி 17, செவ்வாய்

தாமு வந்துவிட்டான். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. சாப்பிடும்போது, "ஆப்பிள் நல்லாருக்கு ஆயா" என்றான். அவ்வளவுதான்.

மச்சம் என்றால் மேக்கப்காரர் ஒழுங்காக, மச்சம் என்று தெரியும்படி வைக்க வேண்டும். இதை அவனிடம் சொன்னேன். தலையாட்டினான்.


ஜனவரி 18, புதன்

தாமு வேலைக்குப் போகவில்லை. காமிராவைத் துடைத்தான்.


ஜனவரி 19, வியாழன்

தாமு இன்றும் போகவில்லை. நேற்றுத் துடைத்த காமிராவையே துடைத்தான்.

மத்தியானம் அவன் கடைக்குப் போனபோது பூங்கோதையை அடுக்களையில் பிடித்தேன். மூன்று தரம் "ஒண்ணுமில்ல அத்தை" என்றாள். நான்காவது தரம் போட்டு உடைத்துவிட்டாள்.

கம்பெனிக்குப் பதினோராயிரம் தபால் கார்டு வந்ததாம். பாதிப்பேர் வலம், பாதிப்பேர் இடம். மீதிப்பேர் திட்டியிருக்கிறார்கள். ராமாஞ்சுலு முதலாளி எல்லோரையும் வரிசையாக நிற்கவைத்து யார் செய்தது என்று கேட்டாராம். "நான்தாங்க, மச்சத்தைப் பத்தி டச்சிங்குக்கு எழுதி அனுப்ப மறந்துட்டேன்" என்றானாம் தாமு. திங்கட்கிழமையிலிருந்து வேறு ஸ்டில் போட்டோகிராபர் வருகிறாராம். முதல் படத்திலேயே நிறுத்தப்பட்டவனை இனி யார் கூப்பிடுவார்கள்?

"எழுதி அனுப்ப மறந்தானா?" என்று கேட்டேன்.

பூங்கோதை தட்டைக் கழுவப் போனாள்.

டப்பாவிலிருந்து அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். நடு வெயில். எதிர்வீட்டு மாடி எந்த வெளிச்சத்தையும் மறைக்கவில்லை. சீட்டைத் தூரத்தில் பிடித்தேன், கிட்டத்தில் பிடித்தேன், சாய்த்துப் பிடித்தேன். வெள்ளைத் தாளில் சாம்பல் புகை மாதிரி என்னமோ இருந்தது.

"படிடி" என்று பூங்கோதையைக் கூப்பிட்டு நீட்டினேன்.

"ஆயா, இடது கன்னத்தில் இருப்பது மச்சம். பரு இல்லை. தொடாதே. அன்புள்ள தாமு."

அப்புறம் பூங்கோதை தானாகவே சொன்னாள். "எழுத்து நல்லாத்தான் இருக்கு அத்தை. கொட்டை கொட்டையா எழுதியிருக்கான், உங்களுக்குன்னு."

ஆக அவனுக்கும் தெரியும். இவளுக்கும் தெரியும். இந்த வீட்டில் தெரியாதவள் நான் ஒருத்திதான் போலிருக்கிறது. எனக்கும் தெரியாது என்று எழுதினால் பொய்.


ஜனவரி 20, வெள்ளி

பட்டுப் புடவை உடுத்தினேன். தாமு குளிக்கப் போன நேரம் பார்த்து நானும் பூங்கோதையும் பஸ் ஏறிவிட்டோம். வாசல் காவலாளியிடம் "இந்துப்பிரபா அம்மாவுக்கு டச்சிங் பண்றவங்க" என்று பூங்கோதை சொன்னதும் கதவு திறந்தது. அந்தப் பெயருக்கு அப்படி ஒரு மதிப்பு.

உள்ளே ஒரு பெரிய கொட்டகை. ஒரே வெளிச்சம், நிறைய ஆட்கள், யாரும் உரக்கப் பேசவில்லை. பூங்கோதை யாரிடமோ வழி கேட்க நின்றாள். எனக்கு வழி தெரிந்தது. முதலாளி என்றால் எல்லோரையும்விட உயரத்தில் உட்கார்ந்திருப்பார். அங்கே அப்படி ஒருவர் இருந்தார், மேடை மேல், நீள முதுகு நாற்காலியில், கறுப்புச் சால்வை போர்த்திக்கொண்டு. எதிரே எல்லோரும் கைகட்டி வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அவருக்கு முன்னால் போய் நின்று கும்பிட்டேன்.

"ஐயா, நான் தாமோதரனோட ஆயா. தையல்நாயகின்னு பேரு. ஒரு வார்த்தை சொல்லணும்."

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு கம்பீரமாக, "சொல்லுங்கள் அம்மா. நீங்கள் சொல்வது அனைத்தும் உண்மையாக இருக்கட்டும்" என்றார். படித்த மனிதர் என்று நினைத்துக்கொண்டேன்.

"உண்மைதாங்க. அந்த மச்சத்த எடுத்தது நான். பையன் சீட்டு எழுதி வெச்சிருந்தான், பெரிய எழுத்துல எழுதி வெச்சிருந்தான். எனக்குப் படிக்க முடியல. கண்ணு தெரியல. ரெண்டு வருசமா இப்படித்தான். வேலை போயிடும்னு பயந்து சொல்லல. வேலைக்காகக்கூட இல்லீங்க, தெரியலன்னு சொல்ல வாய் வரல. பையன் என் மேல பழி வரக்கூடாதுன்னு தன் மேல போட்டுக்கிட்டான்."

"ஆக, குற்றத்தை ஒப்புக்கொள்கிறீர்களா?"

"ஒப்புக்கறேங்க. என்னைய நிறுத்துங்க, அவன விட்டுடுங்க."

பிறகு என் முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. வெற்றிலை வாய்.

"எம்மா, முதலாளி நான் இங்க கீழ முக்காலில உக்காந்திருக்கேன். அவரு இந்தப் படத்துல ஜட்ஜு வேசம் போடறவரு."

அப்புறம் சிரித்தார்கள். எத்தனை பேர் என்று தெரியாது, நிறையப் பேர். நான் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு குரல் வந்த பக்கம் திரும்பி, "அப்ப உங்களுக்கு இன்னொருவாட்டி முதல்லேருந்து சொல்லணுங்களா?" என்று கேட்டேன்.

"வேணாம்மா, எல்லாம் காதுல விழுந்துடுச்சு" என்றார் முதலாளி. பிறகு மேடையைப் பார்த்து, "ஏன்யா, கேஸ நீதானே விசாரிச்ச. தீர்ப்பும் நீயே சொல்லு" என்றார்.

ஜட்ஜு வேஷக்காரர் தொண்டையைக் கனைத்தார். "திங்கட்கிழமைக்குள் மச்சம் கன்னத்துக்குத் திரும்ப வேண்டும். திரும்பினால் தாமோதரனும் திரும்பலாம்."

"அவ்வளவுதான்" என்றார் முதலாளி. "வசனம் எழுதறவரு எழுதினதவிட நல்லாருக்கு."

அப்போதுதான் ஓரத்திலிருந்து இந்துப்பிரபாவின் குரல். சினிமாவில் கேட்டதைவிடக் கனத்த குரல். "மச்சம் வரட்டும். பென்சிலை மட்டும் துடைக்கக் கூடாது. துடைச்சா நான் அந்த ஸ்டில்ல இல்ல."

அவர் சொன்னது புரிந்தது. பென்சிலை டர்பன்டைன் தொட்ட பஞ்சால் துடைத்தால் போய்விடும், மச்சம் வந்துவிடும். ஆனால் மொத்தமும் துடைத்தால் மச்சத்தோடு சேர்ந்து பதினைந்து வருஷமும் வந்துவிடும்.


ஜனவரி 22, ஞாயிறு

மச்சம் இருந்த இடத்தை மட்டும் துடைக்க வேண்டும். கடுகளவு இடம். என் கை சரி, கண் இல்லை. தாமு தொட மாட்டேன் என்கிறான். இரண்டு மணி நேரம் காவல் நின்ற நெகட்டிவ் அல்லவா?

"தள்ளுங்க ரெண்டு பேரும்" என்றாள் பூங்கோதை. தீக்குச்சி முனையில் பஞ்சு சுற்றினாள். இவள் வடகத்தில் எறும்பு பொறுக்குகிறவள்.

"மூக்குக்கு நேரா ஒரு விரல் தள்ளி..." என்று ஆரம்பித்தேன்.

"அத்தை, எனக்குத் தெரியுது. உங்களுக்கு?"

வாயை மூடிக்கொண்டேன். இருபத்தாறு வருஷத்தில் இது முதல் தரம் என்று தாமு சொல்கிறான்.

ஒரு தொடல், ஒரு ஒற்றல். தாமு நெகட்டிவை ஜன்னலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தான். அம்மாவின் தலையில் முத்தம் கொடுத்தான். என் தலை பக்கத்திலேயே இருந்தது. சற்று நேரம் கழித்து அதற்கும் கிடைத்தது.


ஜனவரி 27, வெள்ளி

தாமு திங்களிலிருந்து வேலைக்குப் போகிறான். முதலாளி புது விளம்பரம் போட்டுவிட்டார். பழைய படமும் புதுப் படமும் பக்கத்தில் பக்கத்தில். "மச்சம் மறைந்தது ஏன்? விடை வெள்ளித்திரையில்." அடுத்த நாளே தபால் கார்டு இருபதாயிரம். இப்போது கதையில் மச்சம் காணாமல் போகிற மாதிரி ஒரு காட்சி சேர்க்கிறார்களாம். எழுதுகிறவர் என்னைச் சபிக்கிறார் என்று கேள்வி.

தாமு எழும்பூர் கண் ஆஸ்பத்திரிக்கு என்னை அழைத்துப் போனான். இரண்டு கண்ணிலும் புரை. டாக்டர் எத்தனை விரல் என்று கேட்டார். "விரல் இருக்குங்களா?" என்றேன். பிப்ரவரி 13 ஆபரேஷன்.


பிப்ரவரி 4, சனி

வாசலில் கப்பல் மாதிரி ஒரு கார். இந்துப்பிரபா இறங்கி வந்து என் சாய்வுப் பெட்டிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். தெருவே ஜன்னலில் இருந்தது. பூங்கோதை ஜன்னலைச் சாத்தினாள்.

"பாட்டிம்மா, ஆபரேஷன் பண்ணிக்கப் போறீங்களாமே."

"ஆமாம்மா."

"படம் முடிஞ்சப்புறம் வெச்சுக்கலாமே. மே மாசம் முடிஞ்சிடும்."

"மேயில முடியலன்னா?"

"ஜூன்." பிறகு குரலை இறக்கினார். "முன்னாடியெல்லாம் நீங்க நல்லாத்தான் பண்ணுவீங்க. இருந்தாலும் ஒவ்வொரு ஸ்டில்லையும் பாக்கறப்ப, ஓகோ, இந்தக் கோட்டைப் பாத்திருக்காங்க, அந்தக் கோட்டைப் பாத்திருக்காங்கன்னு தோணும். இந்த ரெண்டு வருசமாத்தான் என்னை யாரும் பாக்காத மாதிரி இருக்கு. கண்ணு தெரிஞ்சா மறுபடியும் எண்ணுவீங்க."

"எண்ணினாலும் வெளிய சொன்னதில்லம்மா. இந்த ஊர்ல யார் மூஞ்சில என்ன இருக்குன்னு எனக்குத் தெரியும். பூங்கோதையக் கேளுங்க, அவளுக்கே சொன்னதில்ல."

"சொல்ல மாட்டீங்க. ஆனா தெரியுமே" என்றார். "வேற யாராவது டச்சிங் பண்ணா நான் ஸ்டில்லுக்கு நிக்க மாட்டேன், தம்பிகிட்ட சொல்லிடுங்க." மிரட்டல் மாதிரிச் சொல்லவில்லை. அழுகை வருவதற்கு முன்னால் ஒரு குரல் இருக்கிறதே, அது மாதிரி.

அவர் நிற்காவிட்டால் தாமுவுக்குப் படம் இல்லை. அடுக்களை வாசலிலிருந்து தாமு, "ஆயா, படம் போனா போவுது. நீ தேதிய மாத்தாத" என்றான்.

நான் யோசித்தேன். டாக்டர் சொன்னது நினைவுக்கு வந்தது, இரண்டையும் ஒன்றாகச் செய்ய மாட்டார்கள், ஒன்று ஆறினால்தான் மற்றது.

"அம்மா," என்றேன், "வலது கண்ண இப்ப பண்ணிக்கறேன். அது பத்திரிகை படிக்க, அரிசியில கல் பொறுக்க, என் பேரன் மூஞ்சியப் பாக்க. இடது கண்ணு உங்க படம் முடியற வரைக்கும் அப்படியே இருக்கட்டும். அது உங்களுக்கு."

பிறகு இந்துப்பிரபா சிரித்தார் பாருங்கள், சினிமாவில் சிரிப்பாரே மணி மாதிரி, அப்படி இல்லை. மூக்கால் உறுமிக்கொண்டு, எங்கள் தெருப் பெண்கள் சிரிக்கிற மாதிரி. போகும்போது என் இடது கண் இமை மேல் விரலை வைத்துத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனார்.


பிப்ரவரி 16, வியாழன்

இது பூங்கோதை கையெழுத்து. நான் சொல்லச் சொல்ல எழுதுகிறாள். கண்ணைக் கட்டி, தலைக்கு இரண்டு பக்கமும் மணல் மூட்டை வைத்திருக்கிறார்கள். திரும்பக் கூடாது, இருமக் கூடாது. பக்கத்துக் கட்டில் அம்மாள் குறட்டை விடுகிறாள். (அத்தைதான் குறட்டை விடுகிறார். பூ.)


மார்ச் 30, வியாழன்

சோடா பாட்டில் அடி மாதிரி ஒரு கண்ணாடி. வலது கண்ணுக்கு மட்டும் கனம், இடது பக்கம் வெறும் கண்ணாடி. போட்டதும் எல்லாம் மேலே வந்து விழுகிறது. தாமுவுக்குக் காதோரம் நரை. இருபத்தாறு வயதில். ஒருத்தரும் எனக்குச் சொல்லவில்லை. இந்த டைரியை முதலிலிருந்து பார்த்தேன். கோடுகள் நன்றாகத்தான் அச்சாகியிருக்கின்றன. என் எழுத்துதான் ஒன்றின் மேல் ஒன்று ஏறிப் படுத்திருக்கிறது.


ஏப்ரல் 3, திங்கள்

தாமு பன்னிரண்டு நெகட்டிவ் கொண்டுவந்தான், எல்லாம் இந்துப்பிரபா. சீட்டும் இருந்தது. முழுக்கப் படித்தேன். எந்தப் படத்தில் அக்காள், எந்தப் படத்தில் தங்கை என்று எழுதியிருந்தான். மச்சத்துக்குப் பூங்கோதை காவல்.

பென்சில் சீவினேன். கொடுத்த வாக்குப்படி கண்ணாடியைக் கழற்றி வைத்து, வலது கண்ணை இடது கையால் பொத்திக்கொண்டு உட்கார்ந்தேன். புகை மூட்டத்தில் ஒரு பெரிய கன்னம். மெத்தென்று ஓட்டினேன். மத்தியானத்துக்குள் நான்கு முடிந்தது.

ஐந்தாவதில் பொத்தின கை வலித்தது. வலித்ததால்தான் எடுத்தேன். கண்ணாடியையும் ஒரே ஒரு தரம் போட்டுப் பார்த்தேன்.

பார்த்ததை இங்கே எழுதப்போவதில்லை.